கடற்பனி விளிம்பு

கடல்நீரே உறைந்து மிதக்கும் பனிப்பரப்பு முடிந்து, திறந்த கடல் தொடங்கும் கோடு. கரையோடு ஒட்டி நிற்கும் பனிக்கும் காற்றில் நகரும் பனிக்கும் இது பொருந்தும். மலாய் மொழியில் கடற்பனியை ஆயிஸ் லாவுட் என்பார்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களில் பனி என்றால் விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்போது கால்களை நனைப்பது, கெட்டியானது ஐஸ். அதனால் மாணவர்களுக்குக் 'கடற்பனி' கடல்மேல் படரும் மூடுபனியாகத் தோன்றலாம். ஆனால் 'வடாஅது பனிபடு நெடுவரை' என்று புறநானூறு இமயத்தைச் சொல்கிறது. உறைந்த நீருக்கும் இது பழைய சொல்லே. கடல் + பனி = கடற்பனி, கடற்படை போல. இதைப் பனிப்பாறை என்று எழுதுவது பிழை. பனிப்பாறை நிலத்துப் பனியாற்றிலிருந்து உடைந்து விழுந்த நன்னீர்க்கட்டி. கடற்பனியோ ஏறத்தாழ −1.8 பாகை செல்சியசில் உறைந்த உப்புநீர். 'எல்லை'யும் வேண்டாம், அது நிலைத்து நிற்பதைச் சொல்லும், இந்தக் கோடு நாளுக்கு நாள் நகரும்.

வரையும் முறை இது. துருவத்தின் குளிர்காலத்தில் வெயில் இல்லை, மேகமும் மறைக்கும். ஆகவே சாதாரணப் படம் உதவாது. பரப்பு தானே வீசும் நுண்ணலையைச் செயற்கைக்கோள் அளக்கிறது. 1978 முதல் இப்படிப் பதிவு இருக்கிறது. 19 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் அருகே பனி அதிகமாக வீசும், நீர் குறைவாக வீசும். செங்குத்தாக அதிரும் அலைக்கும் கிடையாக அதிரும் அலைக்கும் உள்ள வேறுபாடு நீரில் பெரிது. அதைக்கொண்டு 25 கிலோமீட்டர் கட்டம் ஒவ்வொன்றிலும் பனி எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு, 15 விழுக்காட்டைத் தொடும் இடங்களை இணைப்பார்கள்.

ஏன் 15? மறுநடவு நடக்கும் பக்கத்தில் செம்பனை மரங்கள் ஐதாகிக்கொண்டே போனால், தோட்டம் எங்கே முடிகிறது என்பதற்கு ஓர் அளவு வைத்தாக வேண்டும், இதுவும் அப்படித்தான். கட்டம் ஒன்றின் பரப்பு 625 சதுர கிலோமீட்டர், இரண்டு பினாங்குத் தீவு அதில் அடங்கும். கோடு மெல்லியதாகத் தெரிவதை நம்பிவிடக் கூடாது. 15ஐத் தாண்டிய கட்டம் முழுதாகக் கணக்கில் சேர்வதால் அந்தக் கூட்டுத்தொகை 'பரவல்'. பனி மட்டும் மூடிய அளவே 'பரப்பளவு'. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக்கில் பதிவான 3.4 மில்லியன் சதுர கிலோமீட்டர், பரவல். செய்திகளில் இரண்டும் அடிக்கடி குழம்புகின்றன.

பிசகும் இடங்கள் தெரிந்தவை. கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீர்க் குட்டைகளைக் கருவி கடல்நீராக எடுத்துக்கொள்ளும். விளிம்பு உள்ளே தள்ளிப்போகும். புதிதாகப் படர்ந்த மெல்லிய பனியும் விடுபடும். காற்றில் கொந்தளிக்கும் கடலும் மழைமேகமும் பொய்ப்பனி காட்டும். அதற்கு 22, 37 கிகாஹெர்ட்ஸ் அளவுகளைக் கொண்டு வடிகட்டுவார்கள். கரையோரக் கட்டத்தில் நிலத்தின் அலை கலந்துவிடும்.

கப்பலுக்கு இந்தக் கோடு போதாது. சென்டினல்-1 போன்ற செயற்கைக்கோள்களின் ரேடார் படங்களைப் பார்த்துப் பனிநிலை வல்லுநர்கள் கையால் வரைகிறார்கள். அங்கே பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால்தான் திறந்த நீர்.