பத்துப் படம் வேண்டாம், ஐந்து போதும்

“ஏங்க, பிள்ளைகள் பார்க்க வேண்டாமா, இவ்வளவு இருட்டா வச்சிருக்கீங்களே?” பள்ளிகளுக்காக ஊர் ஊராகப் போகும் பயணக் கண்காட்சி எங்கள் ஓவியக்கூடத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது ஓர் ஆசிரியர் இப்படிக் கேட்டுவிடுவார். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைக்கிறார்கள் போல. காகிதத்தில் தீட்டிய நீர்வண்ண ஓவியத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் வழக்கமான வரம்பு, எண்ணெய் வண்ணம் என்றால் 200 வரை போகலாம். வெளிச்சம் பட்டு வெளுத்த நிறம் திரும்பி வராது. படம் போகிற ஊரிலெல்லாம் அந்தச் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளை இரண்டு நிமிடம் நிற்க வையுங்கள், கண் பழகிவிடும்.

பெட்டிகள் வந்திறங்கிய அன்றே பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வழக்கமாக 24 மணி நேரம் பெட்டியைத் திறக்கவே மாட்டோம், உள்ளே இருப்பது கூடத்தின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் மெதுவாகப் பழக வேண்டும். அப்புறம் டார்ச் அடித்து ஒவ்வொரு கீறலையும், படம் எந்த நிலையில் இருந்தது என்று முன்பு எழுதிய அறிக்கையோடு ஒப்பிட்டு எழுதுவோம். முதுகுப்பையை வெளியே வைக்கச் சொல்வதும் பிள்ளைகள் மேல் சந்தேகப்பட்டு இல்லை, திரும்பும்போது தன் பை எதில் இடிக்கிறது என்று அதை மாட்டியிருக்கிற பிள்ளைக்குத் தெரியாது, அவ்வளவுதான். பேனாவுக்குப் பதில் பென்சில்.

சரி, இதெல்லாம் எங்கள் கவலை. உங்களிடம் நான் கேட்பது வேறு: ஒரே நேரத்தில் எண்பது பிள்ளைகளை அழைத்து வந்து, ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட நினைக்காதீர்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு படத்தின் முன் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடிதான். தாமாகவே வந்தவர்களே அப்படியென்றால், வரிசையில் நகர்த்தப்படும் பிள்ளை என்ன பார்க்கும்?

நானும் தப்புச் செய்திருக்கிறேன். பத்துக் கேள்வி போட்டு ஒரு பயிற்சித்தாள் அடித்துக் கொடுத்தேன், பிள்ளைகள் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒட்டியிருந்த விவரச்சீட்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போனார்கள். இப்போது தாளே கிடையாது. அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் உருவாக்கிய, படத்தைப் பார்த்துப் பேச வைக்கும் முறையில் உள்ள மூன்று கேள்விகள் மட்டும்தான்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது? காலி அறையில் ஒரு நாற்காலி இருக்கும் கரிக்கோல் சித்திரம் ஒன்று வந்திருந்தது. “நாற்காலி கோணலா இருக்கு, யாரோ அவசரமா எழுந்து போயிருக்காங்க” என்று ஒரு பையன் சொன்னதும், “இல்ல, சண்டை போட்டுட்டுப் போயிருக்காங்க” என்று இன்னொருத்தி. இருபது நிமிடம் அங்கேயே போய்விட்டது. கூட வந்த ஆசிரியர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் 2011இல் திறந்தபோது பள்ளிகள் குவிந்ததால், குலுக்கல் போட்டு முதலில் வருபவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 123 பள்ளிகளில் கிட்டத்தட்ட 11,000 மாணவர்களில் போய் வந்தவர்களையும் அதுவரை போகாதவர்களையும் ஒப்பிட்டதில், போய் வந்தவர்கள் தாங்கள் அதுவரை பார்த்திராத ஓவியத்தையும் கூர்ந்து பார்த்து எழுதினார்கள், கிராமத்துப் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். அங்கே ஒரு மணி நேரச் சுற்றில் காட்டியது பெரும்பாலும் ஐந்தே ஓவியங்கள்.

அதனால் ஆசிரியர் ஒருவர் மட்டும் முன்கூட்டியே வந்து பார்த்து, அந்த ஐந்தை எங்களோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். கடைசி வாரத்தில் போன் செய்யாதீர்கள், எல்லாப் பள்ளிகளும் அப்போதுதான் கேட்கும், நாங்களும் அடுத்த ஊருக்கான பெட்டிகளைத் தயார் செய்துகொண்டிருப்போம்.