செயின்சா ஏன் கரகரக்க வேண்டும்?

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் மாமாவின் டுரியான் தோட்டத்துச் செயின்சாவுக்கு யாரோ சைலன்சரில் துளை போட்டுக் கொடுத்தார்கள். குரல் கணீரென்று மாறியது, மரமும் வேகமாக அறுபட்டது. நான்காம் நாள் பாதி வெட்டில் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் முழுக்கக் கீறல்.

துளை போட்டது தவறில்லை. சைலன்சரின் வாய் பெரிதானால் எரிந்த வாயு சட்டென வெளியேறும், புதுக் காற்று கூடுதலாக நுழையும். ஆனால் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில், முழு முடுக்கில் வரும் பெட்ரோல் அளவை மாற்றும் எச் (H) திருகை யாரும் தொடவில்லை. கூடிய காற்றுக்கு ஈடான பெட்ரோல் வரவில்லை.

1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. அதிக இழுவை கிடைப்பதோ 13 கிராமுக்குப் பக்கத்தில், அதாவது பெட்ரோல் சற்றுத் தூக்கலாக இருக்கும்போது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்னொன்றும் உண்டு. 50 பங்கு பெட்ரோலில் 1 பங்கு டூ-டி (2T) எண்ணெய், அதாவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான மசகு எண்ணெய், கலந்திருக்கிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். ஆவியாகி உள்ளே குளிர்விப்பதும் அதே பெட்ரோல்தான். சூடு ஏற, வழுவழுப்பு குறைய, அலுமினியப் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது.

இதைக் காதாலேயே பிடித்துவிடலாம். எங்கள் மெக்கானிக் அண்ணன் ஏர் ஃபில்டரைத் துடைத்து, எஞ்சினைச் சூடாக்கி, சில விநாடி மட்டும் முழு முடுக்கில் வைப்பார். "தம்பி, சும்மா ஓடுறப்ப கரகரக்கணும், மரத்துல வச்சா தெளியணும்" என்பார். பெட்ரோல் தூக்கலாக இருந்தால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் சரியாக எரியும். அந்தத் தடுமாற்றம்தான் கரகரப்பு. மரத்தில் அழுத்தியதும் வேகம் குறைந்து ஒவ்வொரு சுற்றும் எரிகிறது, குரல் தெளிகிறது. மரத்தில் வைக்காமல் முழு முடுக்கில் சும்மா ஓடும்போதே சீராக அலறினால் பெட்ரோல் போதவில்லை, ஆபத்து. எச் திருகை இடப்பக்கமாக அரைக்கால் சுற்று திருப்பி மறுபடி கேட்க வேண்டும்.

800 மீட்டருக்கு மேலே உள்ள பினாங்குக் கொடிமலையில் காற்று லேசு என்பதால் கலவை தானாகவே சற்றுத் தூக்கலாகும். அங்கே எச் திருகை இறுக்கி, பெட்ரோலைக் குறைத்து ட்யூன் செய்து கீழே கொண்டுவருவதுதான் ஆபத்தான திசை.

என்னைக் கேட்டால், சைலன்சரில் கை வைக்கும் முன் சங்கிலியைப் பாருங்கள். வெட்டும் பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன முட்டு, பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது பல சங்கிலிகளுக்குச் சரியான அளவு. தூளாகக் கொட்டாமல் சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது.

மாமாவின் செயின்சாவில் இப்போது புதுப் பிஸ்டன். துளையை அடைக்கவில்லை, எச் திருகைத்தான் கொஞ்சம் திறந்திருக்கிறோம். சும்மா ஓடும்போது கரகரக்கிறது.