‘அது ஜெர்மனி மாதிரியே இல்ல மேடம்’

போன வாரம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு 26 வயது. நர்சிங் படித்து, நாகர்கோவிலில் மூன்று வருடம் வேலை பார்த்து, ஜெர்மன் மொழியில் பி2 தேர்வு தேறி, ஜெர்மனிக்குப் போனவள். ஐந்தாவது மாதமே திரும்பி வந்துவிட்டாள். (ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சம்பளம் ஒழுங்காக வந்திருக்கிறது. தங்க நல்ல அறை இருந்திருக்கிறது. யாரும் தவறாக நடந்துகொள்ளவில்லை. பிறகு ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு வரி சொன்னாள். "அது ஜெர்மனி மாதிரியே இல்ல மேடம்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கேட்டியளா மேடம்? எல்லாம் விசாரிச்சுட்டுத்தானே போனா. ஒரு வருசமா இவ யூடியூப்ல பாக்காத வீடியோ இல்ல!"

இந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை பெற்றோரிடம் கேட்டுவிட்டேன்! உளவியல் ஆலோசகராக இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை பார்க்கும் எனக்கு, வெளிநாடு போய்த் திரும்பியவர்களும் போன இடத்தில் உடைந்துபோனவர்களும் புதிதல்ல. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் வீடியோ பார்த்ததை ஒரு தடுப்பூசி போல நினைப்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண் இருந்ததே ஜெர்மனியில்தான். அப்படியென்றால் எந்த ஜெர்மனியோடு அதை ஒப்பிட்டாள்? அவள் மனதில் ஏற்கெனவே ஒரு ஜெர்மனி இருந்தது. அதை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. தான் கட்டுவது அவளுக்கே தெரியாது.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் பிரைமர் அடிப்பார்கள் இல்லையா? மேலே வரும் நிறம் எப்படிப் பிடிக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்குப் பிரைமர் தெரியாது. எங்கள் துறையிலும் ப்ரைமிங் என்றுதான் சொல்கிறோம். முன்தூண்டல் என்று வைத்துக்கொள்ளலாம். நம்ம ஊர்க்காரரிடம் ‘மரச்சீனி’ (மரவள்ளிக்கிழங்கு) என்று சொன்னால் அவர் மனம் அதற்குள் ‘மீன்’ பக்கம் போய் நின்றிருக்கும். 1971-ல் மேயர், ஷ்வானெவெல்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே அளந்து காட்டினார்கள். ‘ரொட்டி’ என்ற சொல்லைப் பார்த்தபின் ‘வெண்ணெய்’ என்ற சொல்லைச் சட்டென்று கண்டுகொண்டார்கள். தொடர்பில்லாத சொல்லைப் பார்த்தபின் நேரம் கூடுதலாகப் பிடித்தது. வித்தியாசம் ஒரு நொடியில் சிறு பங்குதான். ஆனால் முன்னால் வந்தது பின்னால் வருவதற்கு வழி போட்டுவைக்கிறது என்பது நிச்சயம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘ஆழ்மனதில் பதிய வைத்தால் போதும், எல்லாம் நடக்கும்’ என்று மேடை போட்டுப் பணம் வாங்குகிறவர்கள் இந்த ஆராய்ச்சிகளைத்தான் காட்டுகிறார்கள். முதுமை தொடர்பான சொற்களைப் படித்த மாணவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்று 1996-ல் ஓர் ஆய்வு வந்தது. உலகமெல்லாம் பேசினார்கள். 2012-ல் பெல்ஜியத்தில் ஆய்வாளர்கள் தானியங்கி உணரிகளை வைத்து நடைவேகத்தை அளந்தபோது அந்த விளைவு தென்படவில்லை. ஆகவே ஒரு சொல்லைக் காதில் போட்டால் மனிதன் மாறிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. நான் பேசுவது இருபது வருடமாக, அடுக்கு மேல் அடுக்காக விழுந்த பூச்சைப் பற்றி.

அந்தப் பெண்ணிடம் அவளுடைய முதல் ‘பாரின்’ நினைவு என்ன என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "சித்தப்பா பெட்டி" என்றாள். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது சித்தப்பா தோஹாவிலிருந்து வந்திருக்கிறார். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வந்த கார் வாசலில் நின்றதும் கட்டுக்கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறந்தார்கள். சோப்பு, சென்ட், டேங் பொடி, நிடோ டப்பா, தைலம் எல்லாம் சேர்ந்த அந்த வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது என்றாள். தெருவே கூடி நின்றது. சித்தப்பா சிரித்துக்கொண்டே இருந்தார், எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நம் மாவட்டத்தில் இந்தப் பெட்டியைப் பார்க்காத குழந்தை குறைவு. ஆனால் வெளிநாட்டில் இருப்பவரை நாம் பார்ப்பதே அவர் லீவில் இருக்கும்போதுதான். இரண்டு வருடத்தில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதம் அவருக்கு வேலை இல்லை, கையில் காசு இருக்கிறது, நல்ல சட்டை போட்டிருக்கிறார். மீதி இருபத்திரண்டு மாதம் எட்டுப் பேர் தங்கும் அறையில் இரண்டடுக்குக் கட்டிலில் அவர் எப்படிப் படுத்திருந்தார் என்பதை அந்தக் குழந்தை பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பாசத்தால்தான் சொல்லாமல் விட்டார். ஆனால் குழந்தையின் மனம் கணக்குப் போட்டுவிட்டது: வெளிநாடு என்றால் ஓய்வு, வாசனை, சிரிப்பு.

அதற்கு மேல் மற்ற பூச்சுகள். மார்த்தாண்டம் போகும் வழியில் கிரானைட் போட்ட வீடுகள். கல்யாணப் பேச்சில் ‘பையன் வெளியே இருக்கார்’ என்று சொல்லும்போது மாறும் குரல். மொழி வகுப்புச் சுவரில் மலைமேல் கோட்டை. ஏஜென்சி போர்டில் விமானமும் பனியும். கைபேசியில் ஒருவர் முதல் பனியைக் கையில் ஏந்தி நிற்கும் முப்பது விநாடி ரீல்ஸ். ஐந்தாவது மாதத்து மழைநாள் சாயங்காலத்தை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

சரி, விசாரித்துவிட்டுத்தானே போனாள்? ஆமாம். எல்லாமே அவளுக்குத் தெரியும். நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் சாப்பாடு ஊட்டுவதும் பெரும்பாலும் கூட நிற்கும் பைஸ்டாண்டர்தான். ஜெர்மனியில் அது நர்சின் வேலை. வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், அவள் நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டும் என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும் என்பதும் தெரியும். ஆனால் அவளுடைய எதிர்பார்ப்பு அந்த நோட்டின்மேல் கட்டப்படவில்லை. பெட்டி வாசனையின் மேலும் முப்பது விநாடிகளின் மேலும் கட்டப்பட்டிருந்தது. கேட்டால் சரியான பதில் சொல்வாள், ஆனால் மனம் வேறொன்றுக்காகக் காத்திருந்தது. இது தெரியாமல்தான், ‘படித்த பிள்ளை, எல்லாம் தெரிந்தவள், இப்படிச் செய்துவிட்டாளே’ என்று திட்டுகிறீர்கள்.

இன்னும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன்மேல் விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜாயன்ஸ் 1968-லேயே எழுதிவிட்டார். புதிதாக எதையும் அறிய வேண்டியதில்லை, கண்ணில் பட்டுக்கொண்டிருந்தாலே போதும். நூறு வீடியோ பார்த்தவருக்கு அந்த ஊரின் தெருவும் டிராமும் பழகிப்போகின்றன. பழகியதை மனம் ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே அதிகம் பார்த்தவர் அதிகம் தயாரானவர் இல்லை. அதிகம் கேள்வி கேட்காதவராகவே பெரும்பாலும் இருக்கிறார். இனிமேல் யாரும் என்னிடம் வீடியோக் கணக்கைச் சொல்லாதீர்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. 1998-ல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய 2000 கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். பாதிப் பேர் வெயிலும் கடலும் உள்ள கலிஃபோர்னியாவில் படிப்பவர்கள், பாதிப் பேர் பனி உறையும் மத்திய மேற்குப் பகுதியில் படிப்பவர்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களே அதிகத் திருப்தியோடு இருப்பார்கள் என்று இரண்டு கூட்டமும் சொன்னது. ஆனால் அவரவர் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று தனியாகக் கேட்டபோது இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான். ஓர் ஊரை நினைக்கும்போது சட்டென்று கண்முன் வருவது வானிலை, அதற்கு மனம் அதிக எடை கொடுத்துவிடுகிறது. பரீட்சை, நட்பு, வாடகை, தனிமை எதுவும் படத்தில் வருவதில்லை. ஒரே நாட்டுக்குள், ஒரே மொழி பேசுகிறவர்களுக்கே இப்படி.

பயமும் இதேபோலத்தான் வேலை செய்யும். இங்கிலாந்தில் படிக்கப்போன ஒரு பையன், ‘நம்மைக் கண்டால் ஒதுங்குவார்கள்’ என்று கேட்டுக் கேட்டே போனவன். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராத ஒவ்வொரு முறையும் மனதில் குறித்து வைத்தான். அங்கே வேறு இருக்கை காலியாக இருந்தால் அந்நியர் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், அவர்களுக்குள்ளேயும் அப்படித்தான். இனவெறி இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, அனுபவித்தவர்கள் என் அறையில் அழுதிருக்கிறார்கள். ஆனால் எது அவமதிப்பு, எது ஊர் வழக்கம் என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பையே அந்தப் பையனுக்குக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம்.

குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருவனை வேறொரு படம் கவிழ்த்தது. வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனவன். "கடல் கடல்தானே மேடம்" என்றான். நம் ஆட்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தொழில் செய்கிறவர்கள். பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழமோ 50 மீட்டருக்கும் குறைவு, சுற்றிலும் பல நாடுகள், எல்லைகள் நெருக்கம். தெரிந்த கடல் என்ற நினைப்பில் அவன் விசா எந்த வேலைக்கு என்று கேட்கவில்லை. எல்லை எங்கே என்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போகும் முன் ஒரு தாளை எடுத்து, அந்த ஊரில் ஒரு சாதாரண புதன்கிழமையை மணிவாரியாக எழுதுங்கள். எழுந்திருப்பது முதல் தூங்குவது வரை. எங்கே எழுத முடியவில்லையோ அங்கேயெல்லாம் உங்களிடம் படம்தான் இருக்கிறது, தகவல் இல்லை. அந்த இடங்களை நிரப்ப, அங்கே போய் நான்கைந்து மாதமான ஒருவரைப் பிடியுங்கள். லீவில் வந்தவர் வேண்டாம். ‘எப்படி இருக்கு’ என்று கேட்காதீர்கள், ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தார்கள், போனில் அல்லாமல் நேரில் கடைசியாக யாரிடம் சிரித்துப் பேசினீர்கள், வாடகை போக மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேளுங்கள். கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போகிறவருக்கு அங்கே மனம் உடைந்தாலும் வீட்டில் சொல்ல வாய் வராது. என்னிடம் தாமதமாக வருகிறவர்களில் பலர் இந்தக் கடனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள்.

பெற்றோரே, வாரத்தில் ஒரு வீடியோ காலாவது வீடு கட்டுவதைப் பற்றிப் பேசாமல் இருக்கட்டும். பிள்ளை திரும்பி வந்தால் ‘தாக்குப்பிடிக்கல’ என்று உறவுக்காரர் முன்னால் சொல்லாதீர்கள். ஜெபம் செய்யுங்கள், நேர்ச்சை வையுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வருகிறது என்றால் உடனே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

லீவில் வந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். பெட்டியைத் திறக்கும்போது நீங்கள் படுத்துக்கிடந்த கட்டிலின் போட்டோவையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உங்கள் மதிப்பு குறையாது.

கலாசார அதிர்ச்சி என்ற சொல்லைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-ல் எழுதினார்: பழகிய சின்னச் சின்ன அடையாளங்கள் இல்லாமல்போவதால் வரும் பதற்றம் அது என்று. அந்தப் பெண்ணை உடைத்தது குளிரும் இல்லை, வேலையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலையில் கோவில் மணி, மைக்கில் பாட்டு, இறைச்சி வேகும் மணம், மத்தியானம் அத்தை வீட்டுக்காரர்கள். அங்கே சன்னலைத் திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. அவளுடைய படத்தில் ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் இருந்தது.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லும்போது வெளியே வராந்தாவில் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். அவனும் இப்போது ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறான், கையில் போன், திரையில் ஏதோ ஐரோப்பியத் தெரு. உள்ளே கூப்பிட்டேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, அக்காவிடம் ஒரு புதன்கிழமையைக் கேள் என்றேன். கொஞ்சநேரம் முழித்தான். அப்புறம் கேட்டான்:

"நாலு மணிக்கே இருட்டிருச்சுன்னா, தூங்குற வரைக்கும் என்ன செய்வ அக்கா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.