டீச்சர் அனுப்பிய சீட்டு

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா என் அறைக்கு வந்தார். "எங்களுக்கு ஒண்ணும் தெரியலை டாக்டரம்மா, டீச்சர்தான் கண்ணைக் காட்டச் சொன்னாங்க" என்று நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டினார். "வலது கண்ணை மூடினால் கரும்பலகையைப் படிக்க முடியவில்லை. இடது கண்ணை மூடினால் படிக்கிறாள். பார்க்கவும்." கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

பரிசோதித்தேன். வலது கண் ஆறுக்கு ஆறு, முழுப் பார்வை. இடது கண் ஆறுக்கு அறுபது. மற்றவர்கள் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை அந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கும். ஆம்பிளியோபியா, பேச்சுவழக்கில் சோம்பேறிக் கண். இரண்டு கண்ணின் பவரும் வெகுவாக வேறுபட்டால், மூளை தெளிவான படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் பார்க்கவே பழகாமல் போகும். 7, 8 வயதுக்குள் கண்டுபிடித்தால் நன்றாகத் தேற்றலாம். அதற்குப் பிறகும் முயல்வோம், ஆனால் பலன் குறைந்துகொண்டே போகும்.

இந்தக் குறை வீட்டில் தெரியாது. ஒரு கண் நன்றாக இருப்பதால் குழந்தை ஓடும், விளையாடும், டிவி பார்க்கும். தனக்குக் குறை இருக்கிறது என்று குழந்தையும் சொல்லாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அதற்கு உலகம் அப்படித்தானே இருக்கிறது.

பிறகு அந்த டீச்சரிடம் போனில் கேட்டேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. "அவ வலது கன்னத்துல கையை ஊனி உட்காருவா டாக்டர். அப்போ கை கண்ணை மறைச்சிடும். அந்த நேரத்துல மட்டும் எழுதறதை நிறுத்திடுவா. ரெண்டு வாரமா பார்த்தேன்" என்றார். நாற்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பு அது. கண் மருத்துவம் படித்த நானாக இருந்தால் அதைக் கவனித்திருப்பேனா என்று இன்றும் யோசிக்கிறேன்.

கண்ணாடி கொடுத்தோம். தினம் 2 மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மறைக்க வேண்டும். இதில்தான் பல குழந்தைகள் பாதியில் விட்டுவிடுவார்கள், வகுப்பில் கேலி தாங்க முடியாமல். அந்த டீச்சர் முதல் நாளே வகுப்பு முழுவதையும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அப்புறம் யாரும் கேலி செய்யவில்லை. ஒன்றரை வருடத்தில் அந்த இடது கண் ஆறுக்கு ஒன்பதுக்கு வந்தது.

அதே வருடம் இன்னொரு பையன் வந்தான், 13 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்து. சாதாரணக் கிட்டப்பார்வைதான், தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. கண்ணாடி போட்ட அன்றே பார்வை முழுதாகக் கிடைத்துவிட்டது. ஆனால் "மக்கு" என்ற பெயரோடு அவன் அதற்குள் எட்டு வருடம் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டான். படிப்பு தனக்கு வராது என்று அவனே நம்பியிருந்தான். அந்த நம்பிக்கைக்கு என்னிடம் லென்ஸ் இல்லை.

நல்ல ஆசிரியரின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த இரண்டு குழந்தைகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். பணக்கணக்கில் கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ராஜ் செட்டி, ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்கஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் சுமார் 25 லட்சம் அமெரிக்கப் பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகளை, பெரியவர்களான பின் அவர்கள் கட்டிய வரிக் கணக்கோடு ஒப்பிட்டு 2014இல் கட்டுரை வெளியிட்டார்கள். கற்பித்தலில் கடைசி 5 சதவீதத்தில் இருக்கும் ஆசிரியருக்குப் பதில் ஒரு சராசரி ஆசிரியர் வந்தாலே, அந்த ஒரு வகுப்பின் வாழ்நாள் வருமானம் நிகழ்கால மதிப்பில் மொத்தமாகச் சுமார் இரண்டரை லட்சம் டாலர் கூடும் என்பது அவர்கள் கணக்கு. மிகச் சிறந்த ஆசிரியர்கூட வேண்டாம், சராசரி ஆசிரியர் போதும்!

என் வேலையிலும் அப்படி ஒருவரின் கை இருக்கிறது. மேற்படிப்பில் எனக்கு வாய்த்த பேராசிரியர், கண்ணுக்குள் அழுத்தம் கூடும் கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்த ஒரு பாட்டிக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்த என்னை ஒருநாள் நிறுத்தி, "பாட்டியால அந்த மூடியைத் திறக்க முடியுமான்னு பார்த்தியாம்மா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. பாட்டியிடம் பாட்டிலைக் கொடுத்துப் போட்டுக்காட்டச் சொன்னோம். மூன்று சொட்டும் கன்னத்தில் விழுந்தன. மாதக்கணக்கில் அழுத்தம் குறையாததற்கு அதுதான் காரணம். நான் மருந்தை மாற்ற இருந்தேன். அவர் பாட்டியின் கையைப் பார்த்தார். அன்றிலிருந்து என் அறையில் சொட்டு மருந்து வாங்கும் ஒவ்வொருவரும் எதிரில் உட்கார்ந்து ஒரு சொட்டு போட்டுக்காட்டிவிட்டுத்தான் போகிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்து போன பிள்ளைகளும் அவரவர் ஊரில் அதையே செய்கிறார்கள். அவரை அவர்கள் பார்த்ததுகூட இல்லை.

எங்கள் துறையில் இப்படிக் கற்றுக்கொடுப்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு கத்தி பிடிக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டவர். 1976இல் அரசுப் பணியில் ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய அறுவை சிகிச்சைகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களால் கண் பரிசோதனை செய்ய முடியும், அறுவை அரங்கில் உதவ முடியும் என்று அங்கே நம்பிப் பயிற்சி கொடுத்தது. அந்தப் பெண்கள் இல்லாமல் அங்கே ஒரு நாள் வேலைகூட நடக்காது.

பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதிக்கத் தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்திலும் முதல் கண் ஆசிரியருடையதுதான். பார்வையைச் சோதிக்கும் எழுத்து அட்டையை மாட்டி முதலில் பார்ப்பவர் அவர். மற்றவர்கள் அதன் பிறகு வருகிறார்கள். இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அட்டை வரும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவன் காப்பி அடிப்பதாகவே நினைத்துவிடாதீர்கள், பலகை தெரியாமல் இருக்கலாம். கண்ணைச் சுருக்குவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, வாசிக்கும்போது வரி தவறுவது, சாயங்காலத் தலைவலி, எல்லாமே எங்களிடம் அனுப்பப் போதுமான காரணங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பெற்றோருக்கும் ஒன்று: டீச்சர் சொல்லி அனுப்பினால், முழுப்பரீட்சை லீவு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆசிரியரைப் பதிவேடுகளிலும் பதிவேற்றங்களிலும் மூழ்கடிக்கிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டு வாரம் ஒரு குழந்தையைக் கவனிக்க, நிமிர்ந்து பார்க்க நேரம் வேண்டுமே.

அந்த டீச்சர் இப்போதும் சீட்டு அனுப்புகிறார். நானும் பின்பக்கத்தில் முடிவை எழுதித் திருப்பி அனுப்புகிறேன். போன மாதச் சீட்டில் மூன்று பெயர்கள். இரண்டு பேருக்குக் கண்ணாடி. மூன்றாமவன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பலகையையும் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். அவனுக்குப் பார்வை ஆறுக்கு ஆறு இருந்தது. காது பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.