மெமரி தீரும்போது கெர்னல் யாரைக் கொல்கிறது?

சர்வர் பராமரிப்பில் இருப்பவர்களிடம் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: டேட்டாபேஸ் தானாக நின்றுவிடுகிறது, ஆனால் அதன் லாகில் (நிகழ்வுப் பதிவில்) ஒன்றுமே இல்லை. லாகில் ஒன்றும் இல்லாததையே நான் முதல் தடயமாக எடுத்துக்கொள்வேன். சொந்தப் பிழையால் விழும் மென்பொருள் பெரும்பாலும் எதையாவது எழுதிவிட்டுத்தான் விழும். ஒரு வரிகூட எழுதாமல் மறைந்துபோனால், உடனே கொல்லச் சொல்லும் 9ஆம் எண் சிக்னல் அதற்கு அனுப்பப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எந்த ப்ராசஸாலும் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளாலும்) தடுக்க முடியாத அந்தச் சிக்னல், கடைசி வார்த்தை சொல்லவும் அவகாசம் தராது. கன்டெய்னரில் (தனியாகப் பிரித்துவைத்த சூழலில்) ஓடும் மென்பொருள் 137 என்ற எண்ணோடு முடிந்திருந்தாலும் விஷயம் இதுதான்: 128உடன் 9ஐக் கூட்டினால் வருவது அது.

நான் கையாண்ட ஒரு லினக்ஸ் சர்வரில் மொத்த மெமரி 8 ஜிபி; ஸ்வாப் (மெமரி போதாதபோது உதவும் வட்டு இடம்) கிடையாது. டேட்டாபேஸ் சில நாள்களுக்கு ஒருமுறை நள்ளிரவுக்குப் பின் விழுந்துகொண்டிருந்தது. அதன் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்திருந்த குழுவினர், இயங்குதளத்தின் மையமான கெர்னலின் லாகைத் திறந்து பார்த்திருக்கவில்லை. அங்கே 'அவுட் ஆஃப் மெமரி' என்று தொடங்கும் வரியும், அதற்கு மேலே அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸ்களின் பட்டியலும் இருந்தன. அந்தப் பட்டியலில் மெமரி அளவு பக்கங்கள் எனப்படும் 4 கேபி துண்டுகளின் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டிருப்பதால், அதை பைட் என்றோ கிலோபைட் என்றோ எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு. டேட்டாபேஸுக்கு நேரே இருந்த எண் 13,10,720. அதாவது 5 ஜிபி. அது என்றைக்கும் எடுத்துக்கொள்ளும் அளவுதான். நான்கு வரி கீழே, பகலில் 200 எம்பிக்குள் அடங்கியிருக்கும் அறிக்கை தயாரிப்பு ப்ராசஸ் ஒன்று இரண்டரை ஜிபியைத் தாண்டி நின்றது. வீங்கியது ஒன்று, வெட்டுப்பட்டது வேறொன்று.

இது ஏன் நேர்கிறது என்பதற்கு, லினக்ஸ் மெமரியைக் கடனாகக் கொடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ப்ராசஸ் 1 ஜிபி கேட்டால், கெர்னல் பெரும்பாலும் சரி என்று முகவரிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, ப்ராசஸ் ஒவ்வொரு பக்கத்திலும் முதன்முறை எழுதும்போதுதான் உண்மையான மெமரியைக் கொண்டுவந்து பொருத்துகிறது. இதை அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். பெரிய ப்ராசஸ் ஒன்று தன்னைப் பிரதியெடுக்கும்போது, இரண்டும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொண்டு, மாற்றப்படும் பக்கங்கள் மட்டுமே நகலெடுக்கப்படுவதால், கேட்டதற்கெல்லாம் முழு மெமரியை ஒதுக்கிவைத்தால் பெரும்பகுதி வீணாகக் கிடக்கும். ஆனால் கடன் வாங்கிய அனைவரும் ஒரே நேரத்தில் எழுத வந்தால் கையில் இருப்பு போதாது, அப்போது 'இல்லை' என்று சொல்வதற்கான தருணமும் எப்போதோ கடந்து போயிருக்கும்.

கொல்வதற்கு முன் கெர்னல் தன்னால் ஆனதைச் செய்து பார்க்கும். கோப்புகளைப் படித்து மெமரியில் வைத்திருந்த பிரதிகளை முதலில் விடுவிக்கும். ('ஃப்ரீ' என்ற எண் குறைவாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான், பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற நெடுவரிசை.) ஸ்வாப் இருந்தால் பயன்படாத பக்கங்களை வட்டுக்குத் தள்ளும். ஸ்வாப் இல்லையென்றால் நிலைமை இன்னும் விநோதமானது: ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் நிரல் பக்கங்களும் கோப்பிலிருந்து வந்தவையே என்பதால், கெர்னல் அவற்றையும் கைவிட்டு, அடுத்த கணமே வட்டிலிருந்து மீண்டும் படிக்கும் நிலை வரும். இயந்திரம் சாகாமலும் வாழாமலும் பல நிமிடங்கள் உறைந்து நிற்பது இப்போதுதான். லாகின் செய்யக்கூட முடியாத அந்த நிமிடங்களைவிட ஒரு ப்ராசஸ் உடனே சாவதே மேல் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

எதுவும் மீளாதபோது கெர்னலின் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர் வருகிறது. அதன் கணக்கு எளியது: ஒவ்வொரு ப்ராசஸும் பிடித்திருக்கும் மெமரி, அதன் ஸ்வாப், எந்த முகவரி எந்தப் பக்கத்தில் என்று குறிக்கும் அதன் பக்க அட்டவணைகள் ஆகியவற்றைக் கூட்டி, நிர்வாகி கொடுத்த திருத்த மதிப்பையும் சேர்த்து, அதிக மதிப்பெண் பெற்றதைக் கொல்லும். யார் கடைசியாக வீங்கினார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஒரே அடியில் அதிக மெமரி மீள வேண்டும் என்பதே நோக்கம். திருத்த மதிப்பு -1000 முதல் 1000 வரை இருக்கலாம். -1000 பெற்ற ப்ராசஸைக் கெர்னல் தேர்ந்தெடுக்காது. முக்கியமானவை என்று எல்லாவற்றுக்கும் -1000 கொடுத்துவைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கொல்ல ஒன்றுமே மிஞ்சாவிட்டால் கெர்னலே பேனிக் ஆகி, முழு இயந்திரமும் நின்றுவிடும்.

விண்டோஸ் இப்படிக் கடன் கொடுப்பதில்லை. மெமரியும் பேஜ் ஃபைலும் (விண்டோஸின் ஸ்வாப்) சேர்ந்த அளவுக்குமேல் யார் கேட்டாலும் மறுத்துவிடும். அங்கும் அடி வாங்குவது, வீங்கியவரைவிடப் பெரும்பாலும் அந்த நேரத்தில் கேட்க வந்தவர்தான்.

நம் சர்வருக்கு வருவோம். கூடுதல் மெமரி வாங்குவது என்று குழுவினர் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்கள். அதற்குப் பதிலாக, அறிக்கை ப்ராசஸைத் தனி சிகுரூப்பில் (ப்ராசஸ்களுக்கு வரம்பு போட கெர்னல் தரும் தொகுப்பு) வைத்து ஒன்றரை ஜிபி வரம்பு போட்டோம். வரம்பைத் தாண்டினால் கொலை அந்த சிகுரூப்புக்குள்ளேயே நடக்கும். டேட்டாபேஸுக்குத் திருத்த மதிப்பை -500 ஆக்கினோம். மூன்றாம் இரவு அறிக்கை ப்ராசஸ் விழுந்தது, டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் நிரலைத் திறந்து பார்த்தபோது, வரி வரியாகப் படிக்க வேண்டிய அட்டவணை முழுவதையும் அது ஒரே பட்டியலாக மெமரியில் ஏற்றிக்கொண்டிருந்தது.