குக்கரைத் திருப்பிப் பாருங்கள்

"குக்கர் வெடிக்கவில்லை சார், ஆனால் சமைக்கவே பயமாக இருக்கிறது. இதற்கு யாரிடம் போவது?" நுகர்வோர் வழக்குகள் நடத்தும் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் வழக்குப் போட்டவரோடு நின்றுவிடும். அதே குக்கரை வாங்கிய மற்றவர்களுக்கு விஷயமே தெரியாது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜூலையில் அமைக்கப்பட்டது. யாரும் வழக்குப் போடக் காத்திராமல் தானாகவே விசாரிக்கலாம், விற்ற பொருளைத் திரும்பப் பெறச் சொல்லலாம், பொய் விளம்பரத்துக்கு அபராதம் போடலாம்.

ஆரம்ப ஆண்டுகளில் அது கைவைத்த பொருள்களில் ஒன்று குக்கர். 2021 பிப்ரவரி முதல் வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனாலும் ஆன்லைனில் முத்திரை இல்லாதவை தாராளமாக விற்றன. அந்த ஆண்டு டிசம்பரில் குக்கர், ஹெல்மெட், கேஸ் சிலிண்டர் பற்றி ஆணையம் மக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு உத்தரவு போனது: விற்ற 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, பொருளைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடு. ஃபிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்களுக்காக இதே மாதிரி உத்தரவு.

அபராதம்? ஆளுக்கு 1 லட்சம். அந்தக் குக்கர்களை விற்றுக்கொடுத்ததற்கு அமேசானுக்குக் கிடைத்த கட்டணமே 6 லட்சத்துக்கு மேல் என்று உத்தரவிலேயே இருக்கிறது. இந்தத் தொகை எந்தப் பெரிய நிறுவனத்தையும் அசைக்காது என்பது என் கருத்து. ஆனால் 'நீங்கள் வாங்கிய குக்கரில் தரச் சான்று இல்லை' என்று வாங்கியவருக்கே எழுதவேண்டி வந்ததே, அதுதான் உறைக்கும்.

பற்பசை விளம்பரம் ஒன்றுக்கு 10 லட்சம் அபராதம் போட்டதும் 2022இல்தான். ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று அதே ஆண்டு ஜூலையில் நெறிமுறை வந்தது. அதற்கு டெல்லி உயர் நீதிமன்றம் உடனே தடை போட்டாலும், 2025 மார்ச்சில் நெறிமுறை செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

சரி, உங்கள் குக்கருக்கு வருவோம். ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே, குக்கருக்கான தர எண்ணான ஐஎஸ் 2347 இருக்க வேண்டும். கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். வெறும் முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். அதனால் அந்த எண்ணை, முத்திரைக்கு உரிமம் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

அப்புறம் புகார். டெல்லிக்குத்தான் எழுத வேண்டும் என்றில்லை. பலரைப் பாதிக்கும் விஷயம் என்றால் உங்கள் மாவட்ட கலெக்டரிடமே எழுத்தில் கொடுக்கலாம். சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. 1915 என்ற உதவி எண்ணிலும் பேசலாம். உங்களுக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால் மட்டும் கன்ஸ்யூமர் கோர்ட்தான், ஆணையம் அதைத் தராது. எங்கே போனாலும் பில், முத்திரையின் போட்டோ, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை முதலில் எடுங்கள். புகார் போனதும் அந்தப் பக்கம் காணாமல் போய்விடலாம்.