கருவிவழங்கி: சொல் விளக்கம்

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளைவரியில் இயங்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பயன்படுத்துவோர் 'எம்சிபி சர்வர்' என்ற தொடரை நாள்தோறும் சொல்கின்றனர். எம்சிபி என்பது, இவ்வுதவியாளர்கள் வெளிநிரல்களோடு பேசும் நெறிமுறை ஒன்றின் சுருக்கப் பெயர். கிளாட் கோட், ஜெமினி சிஎல்ஐ, கோடெக்ஸ் ஆகிய மூன்று உதவியாளர்களிலும் அத்தகைய சர்வரை இணைக்க வழி உண்டு. ஆனால் சர்வர் என்றதும், இத்துறைக்குப் புதியவர் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இரைந்துகொண்டிருக்கும் பெரிய கணினியை எண்ணிக்கொள்கிறார். பல வேளைகளில் அது அவருடைய மடிக்கணினியிலேயே, உதவியாளர் தானே தொடங்கிவைத்துத் தானே நிறுத்திவிடும் ஒரு சிறு நிரல்தான். எனவே இதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது, முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்பது நல்லது.

உதவியாளரின் மூளையாக இருக்கும் மொழி மாதிரி தன்னளவில் உரையைப் படித்து உரையை எழுத மட்டுமே வல்லது. தரவுத்தளத்தில் ஒரு வரியைத் தேடவோ, உலாவியைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்க்கவோ அதற்குக் கை இல்லை. அந்தக் கையைத் தருவது வெளியிலிருந்து இணைக்கப்படும் நிரல். ஐந்து உதவியாளர்களும் இருபது வெளிச்சேவைகளும் இருந்து, ஒவ்வொரு சோடிக்கும் தனி இணைப்பு எழுதுவதென்றால் நூறு இணைப்புகள் வேண்டும். எல்லாரும் ஒரே பேச்சுமுறையைக் கடைப்பிடித்தால் இருபத்தைந்து போதும். இக்கணக்கை மனத்தில் வைத்தே ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' (எம்சிபி) என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. நிரல் எழுதும் செயலிகளுக்காக மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்ட 'லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்' இதற்கு முன்மாதிரி.

இப்பெயரில் உள்ள சொற்களில் 'புரோட்டோகால்' மிகப் பழையது. கிரேக்கத்தில் 'புரோட்டோஸ்' என்பது முதல், 'கொல்லா' என்பது பசை. பாப்பிரசுச் சுருளின் தொடக்கத்தில் ஒட்டப்பட்ட முதல் தாளே 'புரோட்டோகொல்லோன்'. அச்சுருள் எப்போது, யார் பொறுப்பில் செய்யப்பட்டது என்பன போன்ற குறிப்புகள் அத்தாளில் இருந்தன. பின்னர் அச்சொல் இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் பயணம் செய்து, ஒப்பந்த வரைவையும், அரசத் தூதர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கையும் குறித்தது. கணினிப் பிணையத்துக்கு அச்சொல்லை 1967இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரோஜர் ஸ்கான்டில்பரியும் கீத் பார்ட்லெட்டும் தம் குறிப்பொன்றில் ஆண்டனர். வியப்பு என்னவென்றால், உதவியாளரும் வெளிநிரலும் இணையும்போது பரிமாறும் முதல் செய்தியும் அந்தப் பழைய முதல் தாளைப் போன்றதே. நெறிமுறையின் எந்தப் பதிப்பைப் பேசுகிறோம், எவ்வெவற்றைச் செய்ய வல்லோம் என்பதை இரு தரப்பும் அதில் அறிவித்துக்கொள்கின்றன; பதிப்பின் பெயரே '2024-11-05' என்பதுபோல ஒரு தேதியாகத்தான் இருக்கிறது. தமிழில் 'நெறிமுறை' என்ற சொல் நன்கு வேரூன்றிவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை.

'கான்டெக்ஸ்ட்' என்பதன் இலத்தீன் வேர் 'சேர்த்து நெய்தல்' என்று பொருள்படும். இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழருக்கு இவ்வுருவகத்தை விளக்க வேண்டியதில்லை. 'சூழமைவு' என்பது பொருத்தமானது.

சிக்கல் 'சர்வர்' என்பதில்தான். ஏவல் செய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல், கணினிக்கு வருமுன்பே, வரிசையில் காத்திருத்தலை ஆராயும் கணிதத் துறையான வரிசைக் கோட்பாட்டில் புழங்கியது. அங்கே சாளரத்தின் மறுபக்கம் அமர்ந்து, வரிசையில் வருவோரை ஒவ்வொருவராகக் கவனிப்பவரே சர்வர். அதாவது சொல் சுட்டுவது ஒரு பங்கை. பொருளையோ இடத்தையோ அன்று. பின்னாளில் அப்பங்கை ஏற்கும் நிரல் ஓடும் பெட்டிக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. தமிழில் பரவலாக உள்ள 'சேவையகம்' அந்தப் பெட்டியைப் பார்த்துப் பிறந்த சொல். 'அகம்' என்பது இடப்பொருள் தருவது. நூலகம், பணியகம் என்ற வரிசையில் சேவையகமும் ஒரு கட்டடத்தையே கண்முன் நிறுத்துகிறது. தரவு மையத்தில் இருக்கும் கணினிக்கு அது தகும். உதவியாளர் தொடங்கிவைக்கும் கிளைச்செயலாகத் தோன்றி, நிரலுக்குள் உரை வரும் வழியான உள்ளீட்டு ஓடையில் கேட்டு, உரை வெளியேறும் வழியான வெளியீட்டு ஓடையில் விடை சொல்லி, அமர்வு முடிந்ததும் மறையும் நிரலைச் 'சேவையகம்' என்பது, குடையைப் பிடித்துக்கொண்டு அதை வீடு என்பது போலாகும்.

மற்றொரு சொல்லான 'வழங்கி' இங்கே நன்கு பொருந்துகிறது. வினைப்பகுதியோடு இகர விகுதி சேர்த்துச் செய்வதன் பெயரை ஆக்குவது தமிழின் பழைய வழி. பாக்குவெட்டி, மண்வெட்டி, சுமைதாங்கி எல்லாம் அப்படி வந்தவையே. ஆயினும் 'வழங்கி' என்று தனியே எழுதினால் ஓர் இடர் உண்டு: அது வினையெச்சமாகவும் படிக்கப்படும். 'கோப்பு வழங்கி நின்றது' என்ற வாக்கியத்தில், கோப்பு வழங்கும் நிரல் நின்றுபோனதா, அல்லது ஏதோ ஒன்று கோப்பு வழங்கியபின் நின்றதா என்று வாசகர் தடுமாறுவார். 'மண் வெட்டி' என்று பிரித்து எழுதினாலும் இதே ஐயம் எழும்; சேர்த்து எழுதியதும் அது தீர்ந்துவிடுகிறது. ஆகவே 'கருவிவழங்கி' என்று ஒரே சொல்லாக எழுதுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

வழங்கி செய்துதரும் ஒவ்வொரு வேலைக்கும் நெறிமுறையில் 'டூல்' என்று பெயர். அதற்குக் 'கருவி' என்பது வெறும் அகராதிப் பொருத்தம் அன்று. இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமையின் பொருள்களில் கருவியும் ஒன்று, கருத்தாவும் ஒன்று. கருத்தாவையும் இலக்கணிகள் இரண்டாக வகுத்தனர். 'அரசனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. 'தச்சனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. நெறிமுறையின் நடைமுறையும் இதுவே. இணைப்பு ஏற்பட்டதும் வழங்கி தன்னிடமுள்ள கருவிகளின் பெயர்களையும் விளக்கங்களையும் பட்டியலிடுகிறது, மொழி மாதிரி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய மதிப்புகளோடு 'இதை இயக்கு' என்று ஏவுகிறது, இயற்றுவது வழங்கி. இவ்வேறுபாட்டை மறந்தவர்களே 'மாதிரி என் தரவுத்தளத்துக்குள் புகுந்துவிட்டது' என்று சொல்கிறார்கள்.

ஏவுபவர் யார் என்ற கேள்வி பாதுகாப்பிலும் வருகிறது. கருவியின் விளக்கமும் அது தரும் விடையும் மாதிரியின் கண்ணுக்கு உரைதான் என்பதால், அவற்றுள் ஒளித்துவைத்த ஒரு வாக்கியம் ஏவலாக மாறிவிடக்கூடும். கருவி விளக்கத்திலேயே தீய கட்டளையைப் புதைக்கும் இத்தாக்குதலை ஆய்வாளர்கள் 2025 ஏப்ரலில் செய்துகாட்டினர். கருவி இயங்குமுன் பயனரிடம் ஒப்புதல் கேட்கப்பட வேண்டும் என்று நெறிமுறை தொடக்கத்திலிருந்தே வற்புறுத்துவதன் தேவை இதில் தெரிகிறது.

சொல் வழக்கில் எப்படி நிற்கிறது என்பதற்கு கிளாட் கோட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 'எம்சிபி ஆட்' என்ற துணைக்கட்டளையால் கருவிவழங்கியை இணைக்கிறோம். உள்ளூர் வழங்கி என்றால், வழங்கிக்கு நாம் இடும் பெயரை அடுத்து இரண்டு சிறுகோடுகள் இட்டு, அவற்றுக்குப் பின் அந்நிரலைத் தொடங்கும் கட்டளையை எழுதுகிறோம். கோடுகளுக்கு முன்னுள்ளவை உதவியாளருக்கு, பின்னுள்ளவை வழங்கிக்கு. இணைப்பின் எல்லை மூன்று வகைப்படும்: இந்தத் திட்டத்தில் எனக்கு மட்டும், திட்டத்தில் பணிபுரியும் எல்லாருக்கும், என் எல்லாத் திட்டங்களுக்கும். இரண்டாவது வகை, திட்டக் கோப்புறையில் ஜேசன் என்ற தரவு வடிவில் எழுதிய ஒரு கோப்பாகச் சேமிக்கப்பட்டு, குழுவினர் அனைவருக்கும் போய்ச் சேர்கிறது. பிறர் எழுதிவைத்த ஏவலைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதிருக்க, முதல்முறை கிளாட் கோட் நம்மிடம் ஒப்புதல் கேட்கும்.

தொலைவிலுள்ள வழங்கி என்றால் கட்டளைக்குப் பதில் இணைய முகவரி வரும். இங்கேதான் 'சேவையகம்' என்போர், அது உண்மையிலேயே ஓர் இடத்தில்தானே இருக்கிறது என்று வாதிடலாம். ஆனால் முகவரியில் இருந்தாலும் மடியில் இருந்தாலும் அது செய்யும் வேலை ஒன்றே என்பதுதான் இந்நெறிமுறையின் சிறப்பு; இரண்டுக்கும் ஒரே பெயர் வேண்டுமென்றால் வேலையைச் சொல்லும் பெயரே நிற்கும்.

நான் முதன்முதலாக ஓர் உள்ளூர் வழங்கி எழுதியபோது, பிழை தேடுவதற்காக நடுவே ஒரு வரியை வெளியீட்டு ஓடையில் அச்சிட்டேன். உதவியாளர் அதை நெறிமுறைச் செய்தியாக எண்ணிப் படிக்க முயன்று, இணைப்பை முறித்தது. வெளியீட்டு ஓடையில் நெறிமுறைச் செய்தியைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது, பதிவுக்குறிப்புகளுக்குப் பிழை ஓடை இருக்கிறது என்பது அரைநாள் கழித்துத்தான் விளங்கியது.

இனி எஞ்சியது, சர்வரிடம் கேட்டு வாங்கும் தரப்பின் பெயரான 'கிளையன்ட்'. உரோமானியர்களிடையே அது புரவலனைச் சார்ந்து வாழ்ந்தவனின் பெயர்; நம் மரபில் சொன்னால் இரவலன். மோனை நயத்துக்காக 'வாங்கி' என்று சிலர் எழுதுகின்றனர். அச்சில் ஒரு கால் விடுபட்டால் அது வங்கியாகிவிடும். உதவியாளருக்குள்ளே ஒவ்வொரு வழங்கிக்கும் ஒருவராக இருந்து கேட்டு வாங்கும் உறுப்பு என்பதால் 'கேட்பி' என்று நான் எழுதிவருகிறேன். அதிலும் எனக்கு முழு நிறைவில்லை. கேட்கச் செய்வது என்ற பிறவினைப் பொருள் அதில் தொக்கி நிற்கிறது.